சுருளின் நீளம்

1835ஆம் ஆண்டுக் கோடையில் மைக்கேல் சாண்ட்லர் என்பவர் நான்கு எகிப்திய மம்மிகளோடு அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்திலுள்ள கர்ட்லாந்து என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு மம்மி காட்டுவது அவர் பிழைப்பு. மம்மிகளோடு சில பாப்பிரஸ் சுருள்களும் இருந்தன. அந்த ஊரில் அப்போது ஜோசப் ஸ்மித் வசித்தார். மோர்மன் நூலை வெளியிட்டுப் புதிய சபை ஒன்றைத் தொடங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 29. கிட்டத்தட்ட இப்போதைய என் வயது. சுருள்களைப் பார்த்த அவர், ஒன்றில் ஆபிரகாமின் எழுத்தும் இன்னொன்றில் யோசேப்பின் எழுத்தும் இருப்பதாகச் சொன்னார். சபையினர் 2,400 டாலர் திரட்டி எல்லாவற்றையும் வாங்கினார்கள். முதல் ஆலயத்தைக் கடனில் கட்டிக்கொண்டிருந்த சபைக்கு அது பெரிய தொகை.

1842இல் ஸ்மித் தன் மொழிபெயர்ப்பைச் சபையின் பத்திரிகையில் மூன்று மரச்செதுக்குப் படங்களோடு வெளியிட்டார். அதுதான் ஆபிரகாம் நூல். 1880இல் அது 'விலையேறப்பெற்ற முத்து' என்ற தொகுப்பின் பகுதியாகச் சபையின் வேதமானது. அதற்குள் ஸ்மித் கொல்லப்பட்டிருந்தார். சுருள்கள் கைமாறிப்போயின. 1871ஆம் ஆண்டு சிக்காகோ பெருந்தீயில் அவை எரிந்துவிட்டதாகவே எல்லாரும் நம்பினார்கள்.

எல்லாமும் எரியவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சில துண்டுகள் இருப்பது 1960களில் தெரியவந்தது. 1967 நவம்பரில் அருங்காட்சியகம் அவற்றைச் சபையிடமே ஒப்படைத்தது. எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உடனே படித்தார்கள். முதல் மரச்செதுக்குப் படத்தின் மூலம் ஒட்டியிருந்த சுருள், ஹோர் என்ற பூசாரிக்காக எழுதப்பட்ட ஈமச் சடங்கு நூல். இறந்தபின் அவர் மூச்சுவிட வேண்டும், மறுவுலகில் நல்லபடி நடமாட வேண்டும் என்பதற்கான வாசகங்கள். காலம் ஏறத்தாழ கிமு இரண்டாம் நூற்றாண்டு. ஆபிரகாமுக்குச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் பிந்தியது. படித்த துண்டுகளில் ஆபிரகாமைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்தக் கதை எனக்கு ஒரு வாட்ஸாப் குரல் செய்தியாகத்தான் வந்தது. அனுப்பியவன் ஸ்கூடாயில் படித்தபோது மூன்று ஆண்டுகள் என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தவன். ஈப்போக்காரன். அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அம்மா பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தார். மோர்மன் சபை என்று வெளியில் நாம் சொல்வது அதைத்தான். படிப்பை நடுவில் நிறுத்தி இரண்டாண்டு ஊழியத்துக்குப் போய்வந்தவன். தேத்தண்ணியும் குடிக்கமாட்டான், காப்பியும் குடிக்கமாட்டான். நாங்கள் மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்திருக்கும்போது அவன் மட்டும் மைலோ குடிப்பான்.

நான் கிள்ளானில் பொட்டலங்களுக்கான பிளாஸ்டிக் ஃபிலிம் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். செய்தியில் அவன் சொன்னது இதுதான்: "மச்சான், நீ நாள் பூரா ரோல் சுத்துற ஆளுதான? ஒரு கணக்கு அனுப்புறேன், பாத்துச் சொல்லு. எனக்காகக் கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு அவனுக்குத் திருமணம் பேசியாகிவிட்டது. பாங்காக்கில் 2023இல் திறக்கப்பட்ட ஆலயத்தில் நடக்க வேண்டிய திருமணம். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு முன் நேர்காணல் உண்டு. கடவுளை நம்புகிறாயா, ஜோசப் ஸ்மித் வழியாகச் சபை மீட்டெடுக்கப்பட்டதை நம்புகிறாயா என்பது போன்ற கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இவன் நேர்மையாகப் பதில் சொல்ல நினைத்தான். அதுதான் அவன் சிக்கல்.

அவன் அனுப்பிய கணக்கின் பின்னணியைச் சொல்ல வேண்டும். கிடைத்த துண்டுகளில் ஆபிரகாம் இல்லை என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன. நம்பிக்கையாளர்களில் ஒரு பகுதியினரின் பதில்: 'மிச்சம் கிடைத்தது வெளிச்சுற்று மட்டுமே. ஆபிரகாமின் எழுத்து, காணாமல்போன உள்பகுதியில் இருந்திருக்கும்.' சுருளை நேரில் கண்ட சிலர் அதை நீளமானது என்று விவரித்திருப்பதும் இதற்குத் துணை. அப்படியென்றால் காணாமல்போன பகுதி எவ்வளவு நீளம்? இதற்கு ஊகம் தேவையில்லை, அளக்கலாம். சுருட்டி வைத்த தாளில் ஓரிடம் நைந்தால், அந்தச் சேதம் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும். விரித்துப் பார்க்கும்போது, ஒரு சேதத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அந்தச் சுற்றின் சுற்றளவு. உள்ளே போகப்போக அது குறையும். எந்த வேகத்தில் குறைகிறது என்று தெரிந்தால், இன்னும் எத்தனை சுற்று பாக்கி, மொத்தம் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம்.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் எகிப்தியவியலாளர் ஜான் கீ இந்த முறையில் ஏறத்தாழ 12.5 மீட்டர் காணவில்லை என்றார். 2010இல் ஆண்ட்ரு குக், கிறிஸ்டோபர் ஸ்மித் இருவரும் மறுபடி அளந்து, காணாமல்போனது ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் என்றார்கள். ஒரே சுருள், ஒரே முறை. ஒரு விடை மற்றதைப்போல இருபது மடங்குக்கு மேல்.

இது எனக்கு அந்நியமான கணக்கு இல்லை. ஒரு ரோலில் எத்தனை மீட்டர் ஃபிலிம் மிச்சம் என்று யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. விட்டத்தை அளப்போம், தடிமன் தெரியும், அவ்வளவுதான். எளிதாக இருக்கட்டும் என்று சுற்றளவை 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றளவு 1 மில்லிமீட்டர் குறைந்தால் உள்ளே 5 மீட்டர் இருக்கும். 2 மில்லிமீட்டர் குறைந்தால் இரண்டரை மீட்டர். 4 மில்லிமீட்டர் என்றால் ஒன்றேகால் மீட்டர். இரண்டாயிரம் ஆண்டு பழைய, விளிம்பு உதிர்ந்த துண்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது அளப்பவரின் கண் எந்த நாரில் நிற்கிறது என்பதுதான். கீயின் விடைக்கும் மற்ற இருவரின் விடைக்கும் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

ஆனால் கணக்கு அதோடு நிற்கவில்லை. அதைத் திருப்பியும் போடலாம். 10 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள சுருளின் வெட்டுப்பரப்பு ஏறத்தாழ 8 சதுர சென்டிமீட்டர். அதற்குள் 12.5 மீட்டர் அடங்க வேண்டுமானால் தாளின் தடிமன் 64 மைக்ரான்தான் இருக்கலாம். நடுவில் துளையே இல்லாமல், இரண்டு சுற்றுக்கிடையே காற்றே புகாமல் சுற்றினால்! அலுவலக ஃபோட்டோகாப்பி தாள் ஏறக்குறைய 100 மைக்ரான். பாப்பிரஸ் ஒரு வகைக் கோரை. தண்டைக் கீறி, நெடுக்காக ஓர் அடுக்கும் குறுக்காக ஓர் அடுக்கும் வைத்து, தட்டி அழுத்திக் காயவைத்த தாள் அது. எங்கள் ஆலையில் மின்மோட்டார் இழுவிசை கொடுத்துச் சுற்றும் ஃபிலிமிலேயே காற்று புகுந்துவிடும். கையால் சுருட்டிய கோரைத் தாள், ஃபோட்டோகாப்பி தாளைவிட மெல்லியதாக, இடைவெளியே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்காது.

அவனுக்குப் போன் செய்தேன். "அம்பத்தாறா எம்பதான்னு கேட்டா நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா பன்னெண்டரை மீட்டர் உள்ள போகாதுடா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இன்னொரு சுருளா இருந்திருக்கலாம்ல?" என்றான்.

அதையும் அவன் படித்திருந்தான். அதிலுள்ள சிக்கலையும் அவனே சொன்னான். ஆபிரகாம் நூலின் முதல் அதிகாரமே, இந்தப் பதிவின் தொடக்கத்தில் உள்ள படத்தைப் பார் என்று வாசகரை அனுப்புகிறது. அந்தப் படம் ஹோரின் சுருளோடு ஒட்டியிருந்தது. ஸ்மித்தின் எழுத்தர்கள் எழுதிய பழைய கைப்பிரதிகளில், ஆபிரகாம் நூலின் பத்திகளுக்கு ஓரத்தில் எகிப்திய எழுத்துகள் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல ஹோரின் சுருளிலிருந்து எடுத்தவை. அந்த ஓர எழுத்துகள் பிற்பாடு வேறு நோக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டவை என்று நம்பிக்கையாளர்கள் வாதிடுகிறார்கள். மூன்றாவது படம் இன்னும் கடினம். அதில் எகிப்திய எழுத்தில் ஐசிஸ் தேவி என்று பெயர் போட்டிருக்கும் உருவத்தை, ஸ்மித்தின் விளக்கம் பார்வோன் என்கிறது.

2014இல் சபை தன் அதிகாரபூர்வக் கட்டுரையிலேயே, துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்று ஒத்துக்கொண்டது. இதை நான் மதிக்கிறேன். தனக்கு எதிரான செய்தியைத் தன் உறுப்பினர்களுக்குத் தானே எழுதிக் கொடுக்கும் மத நிறுவனங்கள் அதிகம் இல்லை. அதே கட்டுரை இன்னொரு வாய்ப்பையும் முன்வைத்தது. சுருள்கள் ஸ்மித்துக்கு ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம். அவற்றைப் பார்த்துத் தியானித்தபோது ஆபிரகாமைப் பற்றிய வெளிப்பாடு கிடைத்திருக்கலாம். மொழிபெயர்ப்பு என்ற சொல்லை நாம் புரிந்துகொள்ளும் விதம் வேறு, அவர் பயன்படுத்திய விதம் வேறு.

இந்த இடத்தில் என் அளவுகோல் செல்லாது. தூண்டுதலுக்குத் தடிமன் கிடையாது. எந்தச் சுருள் நாளை கிடைத்தாலும் இந்த விளக்கம் பாதிக்கப்படாது. அதுதான் அதன் பலம். அதற்குக் கொடுத்த விலையும் அதுதான். 1835இல் கையில் காசில்லாத மக்கள் 2,400 டாலர் கொடுத்தது தூண்டுதலுக்காக இல்லை. ஆபிரகாம் தன் கையால் எழுதியது என்று அச்சிடப்பட்டதை நம்பித்தான் அவர்களின் பிள்ளைகள் அந்த நூலைப் படித்தார்கள்.

இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "ஒங்க வீட்டுல முனியாண்டிக்குப் படையல் போடுறீங்க. யாராச்சும் முனியாண்டி எந்த வருசம் பொறந்தாருன்னு கேக்கறாங்களா? எங்கள மட்டும் ஏண்டா எல்லாரும் அளந்துக்கிட்டே இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. நான் அதைப் பற்றி நாள்கணக்கில் யோசித்தேன். எங்கள் முனியாண்டி எந்தத் தாளிலும் எழுதித் தரவில்லை. என் பாட்டி அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மோர்மன் மதமோ அச்சு இயந்திரம் வந்தபின் பிறந்தது. மோர்மன் நூலின் முதல் பதிப்பு 1830இல் பால்மைரா என்ற ஊரில், 5,000 பிரதிகள். அச்சுக்கூலி 3,000 டாலருக்காக மார்ட்டின் ஹாரிஸ் தன் பண்ணையை அடமானம் வைத்தார். தங்கத் தகடுகளைக் கண்டதாக மூன்று பேரும், பிறகு எட்டுப் பேரும் கையெழுத்திட்ட சாட்சியங்கள் நூலிலேயே உண்டு. தேதி, பெயர், தொகை, கையெழுத்து. நடந்த சம்பவம் என்று சொல்லிக்கொண்டு வந்த மதம் அது. தன்னை அளக்கச் சொல்லி அதுவே உலகத்தை அழைத்தது. அந்தத் துணிச்சலுக்காகவே அதை மரியாதையோடு அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

மரியாதையோடு அளப்பது என்றால், அளப்பவரையும் அளக்க வேண்டும். மோர்மன் நூலைப் பொறுத்தவரை அளக்கப் பொருளே இல்லை. தகடுகளைத் தேவதூதர் திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சபை சொல்கிறது. ஆகவே சண்டை எல்லாம் நூலுக்குள் நடக்கிறது. ஐயவாதிகள் குதிரையையும் எஃகையும் காட்டுவார்கள். அமெரிக்கக் கண்டத்துக் குதிரைகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்து, ஸ்பானியரோடுதான் மறுபடி வந்தன. கிமு 600 வாக்கில் எருசலேமை விட்டுக் கிளம்பிய குடும்பத்தின் கையில், அதற்குப் பிந்திய காலத்தில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் ஏசாயாவின் பிற்பகுதி இருப்பது எப்படி என்றும் கேட்பார்கள். நம்பிக்கையாளர்கள் ஏமனில் கிடைத்த பலிபீடங்களைக் காட்டுவார்கள். நூலில் வரும் நாகோம் என்ற இடப்பெயரின் மெய்யெழுத்துகளோடு பொருந்தும் குலப்பெயர், ஏறத்தாழ அதே காலத்துக் கல்வெட்டில், அந்தப் பயண வழியில். நியூயார்க் பண்ணை இளைஞனுக்கு அது எப்படித் தெரியும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டு கேள்விகளையும் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் இரண்டின் எடையும் ஒன்றில்லை. ஒரு பெயர் தற்செயலாகப் பொருந்தலாம். ஒரு நாகரிகத்தின் குதிரைகள் தடயமே இல்லாமல் போவது அவ்வளவு எளிதில்லை.

என் கண்ணுக்கு அதிகம் பட்டது 2008இல் வந்த ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜாக்கர்ஸும் இன்னும் இருவரும், சொற்கள் வரும் விகிதத்தைக் கணினியில் ஒப்பிட்டு, மோர்மன் நூலின் பெரும்பகுதி சிட்னி ரிக்டன், சாலமன் ஸ்பால்டிங் போன்றோரின் நடை என்று முடிவு சொன்னார்கள். ஐயவாதிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒப்பீட்டுக்கான பட்டியலில் ஜோசப் ஸ்மித்தே இல்லை. 'இவர்களில் யாருமில்லை' என்ற பெட்டியும் இல்லை. மூன்று பெட்டி மட்டும் வைத்திருக்கும் தரம்பிரிக்கும் இயந்திரத்தில், நான்காவது வகைப் பொருளும் அந்த மூன்றில் ஒன்றில்தான் விழும். 2011இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். அலெக்சாண்டர் ஹாமில்டனின் அரசியல் கட்டுரைகளை அதே முறையில் போட்டால், அவற்றில் பலவும் ரிக்டனின் எழுத்து என்று வந்தது. ஹாமில்டன் இறந்தபோது ரிக்டன் பத்து வயதைத் தாண்டிய சிறுவன்.

கீயின் 12.5 மீட்டரும் இந்த ஆய்வும் எனக்கு ஒரே வகைதான். இரண்டிலும் சூத்திரத்தில் பிழை இல்லை. விடை வந்தபின், இது நடக்கக்கூடியதா என்று ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வேண்டிய விடை வந்துவிட்டால் யாருக்கும் திருப்பிப் போடத் தோன்றுவதில்லை. எங்கள் ஆலையிலும் அப்படித்தான். நல்ல எண் வந்த அன்று யாரும் கருவியைச் சோதிப்பதில்லை.

திருப்பிப் போட்டுப் பார்த்த ஒருவர் சபைக்குள்ளேயே இருந்தார். பி. எச். ராபர்ட்ஸ், சபையின் உயர் பொறுப்பில் இருந்தவர், மோர்மன் நூலின் பெரிய வாதாடி. 1921இல் ஒருவர் அனுப்பிய கேள்விகள் அவரிடம் வந்தன. குதிரை, எஃகு, பட்டு, செவ்விந்திய மொழிகளின் எண்ணிக்கை. பதில் தேடப் போனவர், கேள்விகள் தான் நினைத்ததைவிடக் கடினம் என்று கண்டு, அதை அப்படியே எழுதிச் சபைத் தலைவர்கள் முன் வைத்தார். பிறகு, மோர்மன் நூலுக்குச் சில ஆண்டுகள் முன்பே வெர்மான்ட்டில் அச்சான ஈத்தன் ஸ்மித்தின் நூல் ஒன்றோடு உள்ள ஒற்றுமைகளையும் பட்டியலிட்டார். 1933இல் இறக்கும்வரை பொறுப்பில்தான் இருந்தார். அவர் எழுதியவை 1985இல்தான் புத்தகமாயின. அவர் நம்பிக்கை இழந்தாரா இல்லையா என்று இன்றும் இரு தரப்பும் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவர் கேள்வியைச் சின்னதாக்கவில்லை.

என் நண்பனுக்கு ராபர்ட்ஸைப் பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். சுருள், 56 சென்டிமீட்டர், என் 64 மைக்ரான், எல்லாம். அவள் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையை எப்போதோ படித்தவள். "எனக்கு அது தெரியும். என்னிய ஏன் கடைசியாக் கேக்குற?" என்றாளாம். அவளுக்கு அந்த நூல் வேதம்தான். ஆனால் அதன் மூலம் எந்தச் சுருளில் இருந்தது என்பது அவளுக்குத் தேவைப்படவில்லை. இவனுக்குத் தேவைப்படுகிறது.

"அவ சொல்றது புரியுதுடா. என்னால அப்படி முடியல. ஊழியத்துல ரெண்டு வருசம் வீடு வீடாப் போயி நான் சொன்னது வேற."

நான் என்ன சொல்வது? சுருளின் நீளம் என்னால் சொல்லக்கூடியது, சொல்லிவிட்டேன். அவன் அம்மா அந்தச் சபையில் சேர்ந்த வருடம்தான் அப்பா குடியை நிறுத்தினார் என்று பல்கலைக்கழக நாட்களில் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதற்கும் ஹோரின் பாப்பிரஸுக்கும் எந்த நீளத்தில் தொடர்பு என்று அளக்கும் கருவி என் ஆலையில் இல்லை. அதனால் பாப்பிரஸின் நீளம் கூடிவிடப்போவதும் இல்லை.

திருமணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், நிறுத்தவில்லை. அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறான், பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறான். ஆபிரகாம் நூல் வரும் பாடத்தை மட்டும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். நேர்காணலுக்குப் போகும்போது தன் வாயிலிருந்து வரும் பதில் எதுவானாலும் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறான். அதுவரை அவசரப்பட மாட்டானாம்.